இரண்டாம் மூட்டை

நாக்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சைலஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். அங்கே நீயும் டீனாவும் சுகமாக இருக்க வேண்டும். புது வருஷ வாழ்த்து பன்னிரண்டு நாள் பிந்தி வருகிறது, மன்னித்துக்கொள். என் நம்பரை நீ பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. டீனாவைக் கூப்பிட்டால், "அம்மா பேச மாட்டாங்களாம் மாமா" என்று சொல்லிவிட்டு உன் மகள் போனை வைத்துவிடுகிறாள். அதனால்தான் தபால்.

நல்ல செய்தி ஒன்று. நம் ஊர்த் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டு மணலை வைத்து நான் செய்த சோதனை ஆராய்ச்சி இதழில் அச்சாகிவிட்டது. பிரதி ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய முதல் மூட்டையில் முடிவு சுமாராகத்தான் வந்தது. இரண்டாம் மூட்டையில் பிரமாதமாக வந்துவிட்டது. விஷயம் இதுதான்: நிலக்கரிக்குள் அடைந்து கிடக்கும் மீத்தேன் வாயுவை அங்கேயே தண்ணீரோடு சேர்த்து உறையவைத்துவிட்டால், வெட்டும்போது அது சீறிக்கொண்டு வெளியே வராது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உறைகிறது என்று காட்டியிருக்கிறோம். மே மாதம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நேரடியாகவே செய்து பார்க்கப்போகிறார்கள்.

எனக்கு இன்னும் பத்துக் கிலோ மணல் வேண்டும். இரண்டாம் மூட்டை அள்ளிய அதே இடத்தில் அள்ளி, அதே மாதிரி சுத்தம் செய்து, லாரி சர்வீஸில் போட்டுவிட்டால் போதும்.

ஆபிரகாம் மாமா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் தம்பி,
சைலஸ்


மாரிகுப்பம்
27 ஜனவரி 2025

தம்பி சைலஸுக்கு,

அக்கா ஐடா எழுதுவது. நான் நலம், டீனா நலம், உன் நலம் விசாரிக்கிறேன். நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று அம்மா சொல்லிக்கொடுத்ததால் விசாரிக்கிறேன், வேறு காரணம் இல்லை.

உன் கட்டுரையை டீனா காலை ரயிலில் பெங்களூர் போய்ச் சேரும்வரை படித்திருக்கிறாள். சாயங்காலம் வந்து எனக்குத் தமிழில் சொன்னாள். பாதிதான் புரிந்தது. ஒரு வரி மட்டும் முழுசாகப் புரிந்தது. 'சோதனைக்கான மணல் வணிக விற்பனையாளரிடமிருந்து வாங்கப்பட்டது.' இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். "இன்னாடி இது, யாரு அந்த விற்பனையாளரு?" என்று கேட்டேன். "நீதாம்மா" என்றாள்.

நான் மூன்றாம் வகுப்புக்கு முப்பது வருஷம் பாடம் எடுத்தவள். பொய் எழுதிய நோட்டுகளை எவ்வளவோ திருத்தியிருக்கிறேன். இவ்வளவு வழவழப்பான தாளில் பொய் எழுதிப் பார்த்ததில்லை. அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

முதல் மூட்டை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா? கருப்புத் துகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இரும்பு கலந்தால் ஸ்கேன் கெட்டுவிடும், காந்தம் விட்டு எடுத்துவிடுங்கள் என்று எழுதினாய். எழுதினதோடு உன் வேலை முடிந்தது. உன் மாமா பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து அதிலிருந்து காந்தத்தை எடுத்தார். பால் கவரில் சுற்றினார். தட்டில் மணலைப் பரப்பி, காந்தத்தை விட்டு, கவரைக் கழற்றி உதறி, மறுபடியும் காந்தம். ஒரு தட்டுக்கு இருபது தடவை. பத்துக் கிலோ முடிக்க ஏழு வாரம் ஆனது. பத்தொன்பது வருஷம் நந்திதுர்க் மைனில் டிம்பர்மேனாகக் கீழே பாறைக்கு மர முட்டுக் கொடுத்துவிட்டு, நெஞ்சு நிறையத் தூசியோடு மேலே வந்த மனுஷன் அவர். ரெண்டு படி ஏறினால் நிற்பார். அவர் உட்கார்ந்து செய்தார். "நம்ம ஊரு மணலு புக்குல வரப்போவுது ஐடா, யார் யாரோ படிக்கப் போறாங்க" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் செய்தார்.

வந்ததா? எந்தப் பக்கத்தில் வந்தது என்று காட்டு.

மணலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. உன் விற்பனையாளரிடமே வாங்கிக்கொள். முழங்கால் வலி இருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐடா


நாக்பூர்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். சிவப்புக் கோடு போட்ட தாள் வந்து சேர்ந்தது.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் பக்கத்தையும் கேள். அந்த மேட்டைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் ஒரு பிடி அள்ளினாலும் திருட்டு. அனுமதி கேட்டு எழுதினால் இரண்டு வருஷம் ஆகும். உன் பெயரைப் போட்டிருந்தால் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன்.

இந்த மணல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். ஒரு குழாயில் மணலும் நிலக்கரித் தூளும் தண்ணீரும் போட்டு, மீத்தேனை அழுத்தி ஏற்றி, குளிரவைக்கிறோம். தண்ணீர் அந்த வாயுவைத் தனக்குள் பூட்டிக்கொண்டு ஐஸ் மாதிரி கெட்டியாகிறது. அதற்குப் பெயர் ஹைட்ரேட். குழாய்க்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்களே எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதே முறையில் பார்க்கிறோம். அந்த ஸ்கேனுக்குத் திரவமாக இருக்கும் தண்ணீர் மட்டும்தான் தெரியும். கெட்டியானது தெரியாது. படத்தில் எவ்வளவு வெளிச்சம் குறைகிறதோ, அவ்வளவு தண்ணீர் வாயுவைப் பூட்டிவிட்டது என்று கணக்கு. காணாமல் போனதைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

இப்போது ஒரு சிக்கல். வெளிநாட்டில் ஒரு குழு கடையில் வாங்கிய மணலில் எங்கள் சோதனையை அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். பாதிதான் வருகிறதாம். உங்கள் விற்பனையாளர் யார் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்கும் முதல் மூட்டையில் பாதிதான் வந்தது. இரண்டாம் மூட்டையில் மட்டும் தொண்ணூறு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இடம் மாறியதா? சுத்தம் செய்த விதம் மாறியதா? மூட்டையில் 'காந்தம் விட்டது' என்று சீட்டு இருந்தது. கொஞ்சம் யோசித்து எழுது அக்கா.

டீனாவுக்கு என் அன்பு.

உன் தம்பி,
சைலஸ்


மாரிகுப்பம்
3 மார்ச் 2025

தம்பி சைலஸுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இரண்டு பேர். உன் நலம் அறிய ஆவல்.

என்னைக் காப்பாற்றினாயாமே. படித்துவிட்டுச் சிரித்தேன். 2023 நவம்பரில் இந்தக் காப்பாற்றுகிற புத்தி எங்கே போயிருந்தது? உன் மாமா ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தது பதினொரு நாள். பதினொரு நாளும், "சைலஸு வரானா? ரயில் ஏறிட்டானா?" என்று கேட்டார். நான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "ஸ்கேன் மெஷினை இந்த வாரம் எனக்கு ஒதுக்கியிருக்காங்கக்கா, விட்டா அடுத்தது ஏப்ரல்தான்." ஏப்ரல் வரைக்கும் தாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லவா? குழியில் மண் போட எவன் எவனோ வந்தான். அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவர். உன் கை இல்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள். நீ கேட்டதே இல்லை, அதனால் நானே சொல்கிறேன். அந்த வருஷம் கோடையில் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். குடிக்கவே குடத்தை எண்ணி வைத்திருந்தோம். மணலை ஈரமாக வைத்துச் செய்தால் தூசி பறக்காது என்று அவருக்குத் தெரியாதா? சுரங்கத்தில் இருந்தவருக்கா தெரியாது? தண்ணீர் இல்லை. காய்ந்த மணலைத்தான் தட்டில் போட்டுச் செய்தார். காற்று அடித்தால் மணல் போய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டார். வாய்க்கு ஒரு துண்டு. நான் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் அவர் புருவம் வெள்ளையாக இருக்கும். "எழுந்திரிங்க, போதும்" என்றால், "இன்னும் ரெண்டு தட்டுதான்" என்பார். ஜூனில் முடித்தார். ஆகஸ்டில் படுத்தார். நவம்பரில் போய்விட்டார்.

நீ கேட்ட கேள்வியைப் படித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐடா


நாக்பூர்
15 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம்தானே?

மாமா காய்ந்த மணலில் செய்தார் என்று எனக்குத் தெரியாது. நன்றாகக் கழுவி, ஈரமாகவே வைத்துச் செய்யும்படிதான் எழுதியிருந்தேன். அந்த மெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் டீனாவுக்கு அனுப்புகிறேன். அவருடைய நுரையீரல் பல வருஷமாகவே கெட்டுப்போயிருந்தது என்று டாக்டர் சொன்னதும் உனக்கே தெரியும். எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதே.

இரண்டாம் மூட்டையைப் பற்றி நீ பதில் எழுதவில்லை. சுரங்கத்தில் சோதனை மே இருபதாம் தேதி என்று முடிவாகிவிட்டது. வாயுவை உறையவைத்த பிறகு ஒரு ஷிஃப்ட் ஆட்கள், பதினான்கு பேர், நிலக்கரிச் சுவரின் முகப்பில் இறங்கி வெட்டுவார்கள். அதற்குள் அந்த வெளிநாட்டுக் குழுவுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

சைலஸ்


மாரிகுப்பம்
21 மார்ச் 2025

தம்பி சைலஸுக்கு,

நலம். மெயிலை அனுப்பு. பிரேம் போட்டு உன் மாமா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைக்கிறேன். வருகிறவர்கள் படித்துவிட்டு, தம்பி ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான், செத்தவர்தான் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்லட்டும். கழுவு என்று எழுத ஒரு நிமிஷம். குழாயைத் திறந்தால் காற்று வருகிற ஊரில் பிறந்தவன்தானே நீ? நாக்பூரில் தொட்டித் தண்ணீரில் குளித்துக் குளித்து மறந்துவிட்டதா?

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல். பதினான்கு பேர் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில் நின்றுவிட்டேன்.

நம் ஊரில் ஏர் பிளாஸ்ட் உனக்கு நினைவிருக்கிறதா? கீழே பாறை வெடிக்கும், மேலே வீட்டில் பாத்திரம் உருளும். நீ சின்னப் பையன், என் இடுப்பில் இருப்பாய். பொம்பளைங்க எல்லோரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாய்க்கு, ஷாஃப்டுக்கு ஓடுவோம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும். யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்போம். ஒருத்தி புருஷன் இறங்குவான், அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவாள். மற்றவர்கள் அடுத்த கேஜுக்கு நிற்போம்.

அந்தப் பதினான்கு பேர் முகப்புக்கு எத்தனை அடியில் நிற்பார்கள்? அது தொண்ணூறு இல்லை, பாதிதான் என்றால் அவர்களுக்கு என்ன ஆகும்? உன் பாஷையில் சுற்றி வளைக்காமல் நேராக எழுது.

ஐடா


நாக்பூர்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், உன் நலம் நாடுகிறேன். முதல் தடவையாக என் ஆராய்ச்சியைப் பற்றி நீ கேட்டிருக்கிறாய். திட்டிக்கொண்டே கேட்டாலும் சந்தோஷம்தான்.

நேராகவே சொல்கிறேன். பாதிதான் உறைந்தது என்றால் மீதி வாயு நிலக்கரிக்குள் அழுத்தத்தோடு அப்படியே இருக்கும். வெட்டும் இயந்திரம் பட்டதும் நிலக்கரியையும் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். பக்கத்தில் நிற்பவர்கள் தூளில் புதைவார்கள். புதையாதவர்களுக்கு மூச்சுவிடக் காற்று இருக்காது. ஆட்கள் முகப்பிலேயேதான் நிற்பார்கள், அடிக்கணக்கெல்லாம் இல்லை. வழக்கமாக முன்கூட்டியே துளை போட்டு மாதக்கணக்கில் வாயுவை வடிப்பார்கள். இந்த முறையில் வடிக்க வேண்டாம். சுரங்கத்துச் சூட்டிலும் உறைகிற மாதிரி ஒரு ரசாயனம் கலந்து தண்ணீரை ஏற்றுவோம். வாயு பூட்டிவிட்டது என்ற தைரியத்தில் இறங்குவார்கள். அதனால்தான் தொண்ணூறு என்பது முக்கியம்.

தொண்ணூறு சரிதான். ஸ்கேன் படம் தெளிவாக இருக்கிறது. குழாயின் அழுத்தமானி மட்டும் வேறு கணக்குக் காட்டியது. அது வால்வில் கசிவு, பெரிய விஷயம் இல்லை.

மூட்டையைப் பற்றி எழுது அக்கா. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

உன் தம்பி,
சைலஸ்


மாரிகுப்பம்
9 ஏப்ரல் 2025
ஸ்பீட் போஸ்ட்

சைலஸுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படி.

இரண்டாம் மூட்டைக்குக் காந்தம் விடவில்லை.

உன் மாமாவைப் புதைத்து ஒன்பதாம் நாள் டீனாவின் போனுக்கு உன்னிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அக்கா மனதைத் தேற்றிக்கொள்ளட்டும். முடிந்தால் இன்னும் ஒரு மூட்டை அனுப்பச் சொல்.' முடிந்தால்! அந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அன்றைக்கே உரச் சாக்கையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வேலி ஓட்டையில் நுழைந்து போனேன். மழைத்தண்ணீர் ஓடின தடத்தில் இரும்பு மணல் கருப்பாகக் கோடு கோடாகத் தங்கியிருக்கும், நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். அந்த இடத்தைத் தேடிப்போய் அள்ளினேன். வெள்ளை மணலோடு கலந்தேன், பார்த்தால் தெரியாத அளவுக்கு. சீட்டில் 'காந்தம் விட்டது' என்று உன் மாமா எழுதுகிற மாதிரியே எழுதிக் கட்டினேன்.

உன் மெஷின் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். ஒளிக்கவில்லை, அதைத்தான் நினைத்தேன். சோதனை கெட்டுப்போகும், நீ போனில் கத்துவாய், அப்போது பேசவேண்டியதை எல்லாம் பேசித் தீர்க்கலாம் என்று காத்திருந்தேன். நீ கத்தவில்லை. அருமையான மணல் என்று டீனாவிடம் நன்றி சொல்லி அனுப்பினாய். அன்றைக்குத்தான் உன் நம்பரை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னேன்.

உனக்கு வேட்டு வைத்தேன் என்றுதான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதினான்கு பேருக்கு என்று தெரியாது. தெரிந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. உன் மேல் இருக்கிற கோபம் குறையவில்லை. என் மேலும் வந்திருக்கிறது, அது இன்னும் மோசமாக இருக்கிறது. மார்ச் மூன்றாம் தேதியே எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அள்ளியதில் மிச்சம் இருந்தது. காந்தம் விட்டு எடுத்த கருப்புத் துகளை மாத்திரைக் கவரில் மடித்து வைத்திருக்கிறேன். நீயே பார்.

அந்தச் சோதனையை நிறுத்து. இன்றைக்கே நிறுத்து.

நீ நலமா?

ஐடா


மாரிகுப்பம்
28 ஏப்ரல் 2025
ஸ்பீட் போஸ்ட்

சைலஸுக்கு,

என் கடிதம் பதினைந்தாம் தேதி உன் கையில் சேர்ந்துவிட்டது என்று தபால் ஆபீசில் பார்த்துச் சொன்னார்கள். பதிமூன்று நாள் ஆயிற்று. பதிலும் இல்லை, டீனாவுக்குப் போனும் இல்லை.

நீ என்ன யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு மாதம் யோசித்தேனே, அதைத்தான்.

டீனா எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த இதழுக்கு ஒன்று, சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒன்று. மணலில் இரும்பு கலந்தது இன்னார் என்று என் பெயரும் விலாசமும் போட்டிருக்கிறது. மே ஐந்தாம் தேதி காலை ரயில் ஏறுமுன் அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். நீ முந்திக்கொண்டால் உனக்கு மரியாதை.

ஐடா


நாக்பூர்
6 மே 2025

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், அதற்கு மேல் சுகம் என்று எழுத வரவில்லை. டீனா சொல்லியிருப்பாள். மே இரண்டாம் தேதி எல்லோருக்கும் எழுதிவிட்டேன். சோதனை நின்றுவிட்டது.

உன் பொட்டலத்தைப் பிரித்த ஐந்தாவது நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் மூட்டையில் மிச்சமிருந்த மணலில் ஒரு காந்தத்தை விட்டேன். மீசை முளைத்த மாதிரி வெளியே வந்தது. நடந்தது இதுதான். தண்ணீரில் பாதிதான் உறைந்திருக்கிறது. மீதிப் பாதி தண்ணீராகவே மணலை ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. இரும்பு பக்கத்திலேயே இருந்ததால் அந்தத் தண்ணீர் ஸ்கேனுக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரியாததை எல்லாம் உறைந்துவிட்டது என்று நான் எழுதிவிட்டேன்.

ஆனால் இது உன் மணலின் குற்றம் மட்டும் இல்லை. எத்தனை வாயு உள்ளே போனது என்று அழுத்தமானி ஆரம்பத்திலிருந்தே சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அது காட்டியது பாதி. கசிவு என்று எழுதி வால்வை மாற்றினேன். மாற்றிய பிறகும் அதையேதான் காட்டியது. அதை நோட்டில் எழுதவில்லை. மூட்டையைத் திறந்ததும் நானே ஒரு தடவை காந்தம் விட்டிருக்க வேண்டும், ஐந்து நிமிஷ வேலை. சீட்டில் மாமாவின் கையெழுத்து என்று நினைத்தேன், விட்டுவிட்டேன். அவர் போன பிறகு வந்த மூட்டையில் அவர் எப்படி எழுதியிருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பதினேழு நாள் சும்மா இருந்தேன். என் பதவி உயர்வுக்கான கோப்பு மேலே போயிருந்தது. யாரும் கண்டுபிடிக்காமல் சோதனையை வேறு காரணம் சொல்லித் தள்ளிப்போட முடியுமா என்று பார்த்தேன். உன் இரண்டாம் கடிதம் வந்த அன்று பயந்துபோய்த்தான் சொன்னேன். முந்திக்கொண்டேன் என்று மரியாதை ஒன்றும் வேண்டாம்.

முதலில் சுரங்கத்தின் என்ஜினீயர் மனோகரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் அந்தப் பதினான்கு பேர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "எழுதிக்கங்க சார்" என்றார். எழுதிக்கொண்டேன். என் மேசையில் இருக்கிறது.

திட்டத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. இதழுக்கு நான் அனுப்பியிருக்கும் திருத்தத்தைத் தமிழில் எழுதுகிறேன். 'முதல் தொகுதி மணல் கோலார் தங்க வயலின் பழைய கழிவு மேட்டிலிருந்து அனுமதி இன்றி எடுக்கப்பட்டது. நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்த ஆபிரகாம் அதைக் கையால் சுத்தம் செய்தார். அதில் கிடைத்த முடிவுகள் மட்டுமே சரியானவை. இரண்டாம் தொகுதி, கட்டுரையாளரின் கவனக்குறைவால் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தப்பட்டது. அதன் முடிவுகள் திரும்பப் பெறப்படுகின்றன.'

மாமா செய்துகொடுத்த மூட்டை முதல் நாளே உண்மையைச் சொன்னது. அதைத்தான் நான் உனக்குச் சுமார் என்று எழுதினேன்.

நான் வரலாமா அக்கா? கல்லறைக்குப் போக வேண்டும்.

சைலஸ்


மாரிகுப்பம்
19 மே 2025

தம்பி சைலஸுக்கு,

நான் நலம். டீனா நலம். நீ சாப்பிடுகிறாயா? கையெழுத்து கோணலாக இருக்கிறது.

நாளைக்கு இருபதாம் தேதி. அந்தப் பதினான்கு பேரும் வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவார்கள். அதற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். உனக்கு இல்லை, எனக்கும் இல்லை.

திருத்தத்தை டீனா படித்துக் காட்டினாள். உன் மாமா பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு அழுதாள். நானும்தான். பிறகு அடுத்த வரியைப் படித்தாள். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுரையாளரின் கவனக்குறைவால் என்று எழுதியிருக்கிறாயே, யாரைக் கேட்டு எழுதினாய்? இரண்டாம் மூட்டையில் கவனக்குறைவு ஒன்றும் கிடையாது. கவனமாகத்தான் அள்ளினேன். எங்கே கருப்பு இருக்கிறது என்று தேடித்தேடி அள்ளினேன். மறுபடியும் என்னைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டாயா? முதலில் விற்பனையாளர் ஆக்கினாய், இப்போது ஆளே இல்லாமல் ஆக்குகிறாய். நல்லது செய்தவர் பெயரைப் போட்டால் கெட்டது செய்தவள் பெயரையும் போட வேண்டும். முதல் மூட்டை ஆபிரகாம், இரண்டாம் மூட்டை ஐடா. அந்த வரியையும் சிவப்பு மையில் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தத்துக்கு ஒரு திருத்தம் எழுது. விசாரணை என்று கூப்பிட்டால் நான் வந்து சொல்கிறேன், முழங்கால் வலியோடு ரயில் ஏறத் தெரியும் எனக்கு.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். கல்லறை எங்கேயும் போகாது. அதற்கு முன்னால் வேலை இருக்கிறது. அனுமதிக்கு இரண்டு வருஷம் ஆகும் என்றாயே, ஏப்ரலிலிருந்து டீனா நாலு நாள் லீவு போட்டு அலைந்து பத்துக் கிலோவுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டாள். மூன்றாம் மூட்டையை அள்ளிக் குழாயடியில் வைத்திருக்கிறோம். உனக்கு இனி அந்த மெஷினைத் தருவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. அந்த வெளிநாட்டுக்காரர்கள் மணல் கேட்டார்களே, அவர்களுக்கு அனுப்பு. ஊர்ப் பெயர் போட்டு அனுப்பு.

காந்தம் ஜன்னலில் இருக்கிறது. பால் கவர் புதுசு மாற்றி வைத்திருக்கிறேன். தண்ணீர் அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறது. புதன்கிழமையே வந்துவிடு. கழுவி, ஈரமாக வைத்து, நீ எழுதின மாதிரியே நீயே உட்கார்ந்து செய். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நான் எண்ணுவேன், ஒரு தட்டுக்கு இருபது தடவை.

உன் அக்கா,
ஐடா